குருவும் கூலியும்: பாறசாலை எல்லையில் பாடக் கற்கும் பிள்ளைகள்

பாறசாலைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கோயில் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் கணபதி ஹோமம், மதியம் அன்னதானம், அந்தியில் சிங்காரி மேளத்தோடு எழுந்தருளல், இருட்டியதும் ஊர்ப் பிள்ளைகளின் நடனம், அதன்பின் வில்லடிச்சாம் பாட்டு, நள்ளிரவு நெருங்கும்போது திரைப்பாட்டுக் கச்சேரியான கானமேளா. முழுக்க மலையாளத்தில் அச்சான தாள். பக்தர்கள் நேரம் பார்ப்பதற்காகப் படிக்கிறார்கள். இந்த ஊர்களில் பாட்டும் வாத்தியமும் கைவந்த பிள்ளைகளுக்கு என்ன வழி இருக்கிறது என்று அறிய நினைப்பவரும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுதிப் பார்க்கலாம். இதை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? திருவிழா முடிந்த மறுநாள் இவர்கள் எதைச் செய்து சாப்பிடுகிறார்கள்?

இரண்டுக்கும் ஒருசேரப் பதில் உள்ள வரிகள் மிகக் குறைவு. சிலவற்றுக்கு ஆசான் உண்டு, கூலி இல்லை. சிலவற்றுக்குக் கூலி உண்டு, முறையாகச் சொல்லித்தரும் இடம் இல்லை. இளையோருக்கான கலை வாய்ப்பு என்று பேசும்போதெல்லாம் நாம் மேடையையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேடைக்கு இந்தப் பகுதியில் என்றுமே பஞ்சமில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை வரலாற்றைக் கொஞ்சம் துருவினால், ஒரு பிள்ளை கலைஞராக நிலைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பேருந்து தூரத்தில் ஒரு ஆசிரியரும், படித்து முடித்ததும் ஒரு சம்பளமும் இருந்ததுதான் என்று தெரிகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் தென்கோடி பாறசாலை. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. காரக்கோணம், குன்னத்துகால், வெள்ளறடை இந்தப் பக்கம். பளுகல், கொல்லங்கோடு அந்தப் பக்கம். 1956 நவம்பர் 1 வரை இவை எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று; அது கேரளத்தோடு நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1959இல், தென்னிந்தியத் திருச்சபையும் தன் தென் திருவிதாங்கூர்ப் பேராயத்தைக் கன்னியாகுமரி என்றும் தென்கேரளம் என்றும் பிரித்துக்கொண்டது. லண்டன் மிஷன் காலத்திலிருந்து ஒரே நிர்வாகத்தில் இருந்த சபைகள் கோட்டின் இரு பக்கமும் போயின. சர்க்கார் கோடு போட்டால் சபையும் அதன்மேலேயே கோடு போட வேண்டியிருக்கிறது.

பாட்டு அப்படிப் பிரியவில்லை. தமிழ்ப்பக்கத்தில் வில்லுப்பாட்டு என்றும் மலையாளப்பக்கத்தில் வில்லடிச்சாம் பாட்டு என்றும் சொல்லப்படுவது ஒரே கலைதான். நீண்ட வில், நாணில் கட்டிய மணிகள், அதைத் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை. கதையைத் தலைமைப் புலவர் எடுத்துக்கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். கேரள ஆய்வாளர்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று தொகுத்துப் பேசும் தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடல்களில் பல, இரண்டு மொழிக்கும் இடைப்பட்ட மொழியில் இருக்கின்றன. 1634இல் நாகர்கோவிலுக்கு அருகே கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு போரிட்டு இறந்த வேணாட்டுத் தளபதியின் கதையான ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ அவற்றில் பெயர்பெற்றது. ஒரு மலையாளி அதைப் பழைய மலையாளம் என்பார். ஒரு நாஞ்சில்நாட்டுக்காரர் சற்றும் யோசிக்காமல் தமிழ் என்பார். நீலி கதையும் அப்படியே. பத்திரகாளியின் கோயில்களான முடிப்புரைகளில் பாடப்படும் தோற்றம் பாட்டில் கண்ணகி கதை ஓடுகிறது. காக்காரிசி நாடகத்தில் காக்கானும் காக்காத்தியும் பேசுவது கலப்பு மொழி. இந்தக் கலைகள் பிறந்தபோது எல்லை இல்லை; அதனால் இவற்றுக்குத் தாய்மொழி எது என்று கேட்டால் விண்ணப்பப் படிவத்தில் எழுதும் பதில் கிடைக்காது.

விண்ணப்பப் படிவம் என்று சொன்னது வேடிக்கைக்காக இல்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

பாறசாலை என்ற பெயரைச் சங்கீத உலகில் அறிமுகப்படுத்தியவர் பொன்னம்மாள். 1924 நவம்பர் 29இல் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயதாகும் தறுவாயில், 1939இல், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத அகாதெமி தொடங்கப்பட்டது. பின்னாளில் அதற்குச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்று பெயர். முதல் முதல்வர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நெல்லைச் சீமைக்காரர். அவருக்குப் பின் வந்து 1963 வரை பொறுப்பில் இருந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர், தஞ்சைப் பக்கத்தவர். அதற்குப் பின் ஜி.என். பாலசுப்பிரமணியம். கேரளத்தின் தலைநகரில் சங்கீதக் கல்லூரி நடத்தியவர்களின் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால் தமிழ்நாட்டுப் பேருந்து நிலைய அறிவிப்பு போல இருக்கிறது.

அந்தக் கல்லூரியின் முதல் மாணவி பொன்னம்மாள். பட்டயம் முடித்துப் பதினெட்டு வயதில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசையாசிரியர் ஆனார். பிறகு தான் படித்த கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியர். அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் 2006ஐத்தான் முதலில் சொல்வார்கள்: பத்மநாபசுவாமி கோயில் நவராத்திரி மண்டபத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் பாடியதில்லை, அந்த ஆண்டு எண்பத்தோரு வயதில் அவர் அங்கே அமர்ந்து பாடினார். 2017இல் பத்மஸ்ரீ. 2021 ஜூன் 22இல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

நவராத்திரி மண்டபக் கதை உள்ளத்தைத் தொடும் கதைதான். ஆனால் பாறசாலையில் இன்று பாட்டுப் படிக்கும் ஒரு பெண்குழந்தையின் தாய்க்கு அதைவிடப் பயன்படும் செய்தி காட்டன்ஹில் பள்ளி. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு 1940களின் தொடக்கத்தில், பாடத் தெரியும் என்ற ஒரே காரணத்தால், மாதச் சம்பளம் கிடைத்திருக்கிறது. அந்தச் சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் நடந்ததுபோல, கல்யாணத்தோடு தம்பூராவுக்கு உறை போட்டிருப்பார்கள். அந்த மேடை மறுக்கப்பட்ட அறுபது ஆண்டுகளும் அவர் இசையோடு இருந்தார் என்றால், அவரை அங்கே நிறுத்திவைத்தது ஆசிரியர் வேலை. 2006 வந்தபோது அவர் குரல் ஆயத்தமாக இருந்ததற்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

நெய்யாற்றின்கரை வாசுதேவன் கதையும் அதே தடத்தில் போகிறது. நெய்யாற்றின்கரைக்கு அருகே அத்தாழமங்கலத்தில் 1940இல் பிறந்தவர். அதே இசைக் கல்லூரி. ராம்நாட் கிருஷ்ணனும் செம்மங்குடியும் குருமார். பிறகு ஆர்.எல்.வி.யில் ஆசிரியர், அதன்பின் திருவனந்தபுரம் வானொலி நிலையக் கலைஞர். ‘சித்ரம்’ படத்தில் எம்.ஜி. ஸ்ரீகுமாரோடு சேர்ந்து பாடிய குரலாகச் சினிமா ரசிகர்களுக்குத் தெரியும். 2004இல் பத்மஸ்ரீ பெற்றார், 2008இல் மறைந்தார். ஸ்ரீவத்சன் ஜே. மேனன் அவருடைய மாணவர். கல்லூரி, பிறகு கல்லூரி வேலை, பிறகு வானொலி வேலை என்ற இந்த மூன்று படிகளும் அரசு கட்டியவை.

கோட்டின் அந்தப் பக்கம் திருவட்டாறு. அங்கே பிறந்த கமுகறை புருஷோத்தமன் பள்ளி ஆசிரியராக, தலைமையாசிரியராக இருந்துகொண்டே மலையாளத் திரையில் பாடினார். 1955இல் வந்த ‘ஹரிச்சந்திரா’ படத்தில் அவர் பாடிய தத்துவப் பாடல் இன்றும் மலையாளிகளின் வாயில் இருக்கிறது. அதை எழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயரின் ஊரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்தான். அவரும் வானொலி ஊழியர். மலையாளிகள் தங்கள் சாவுவீட்டுத் துக்கத்துக்குத் துணையாக வைத்திருக்கும் பாட்டு, எழுதியவரின் ஊராலும் பாடியவரின் ஊராலும் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. படம் வந்த அடுத்த ஆண்டு எல்லை வந்தது.

இந்த நான்கு பேருக்கும் ஏதோ ஒரு அரசுக் கூரை கிடைத்தது. கிடைக்காதவர் ஜே.சி. டேனியல். 1900இல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். நாயர் பெண்ணாக வேடம் கட்டியதற்காகத் திரையரங்கில் கல்லெறி விழுந்தது. ரோசி ஊரை விட்டு ஓடி, நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார். கடன்பட்ட டேனியல் தமிழ்ச் சீமையில் பல் மருத்துவராகப் பிழைத்தார். முதுமையில் அவருக்கு உதவித்தொகை கேட்டுப் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் கேரள அரசின் கதவைத் தட்டினார். அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர், அங்கே கேட்கட்டும் என்பது கிடைத்த பதில். தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். 1975இல் டேனியல் இறந்தார். 1992 முதல் கேரளத்தின் உயரிய சினிமா விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

டேனியலின் கதையை இங்கே நுழைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லையோரத்துப் பிள்ளை கலைக்கான எந்த உதவித்தொகைக்கு மனுப் போட்டாலும் கேட்கப்படும் முதல் சான்றிதழ் இருப்பிடச் சான்றிதழ். படிப்பது ஒரு மாநிலம், ஆசான் இருப்பது மறு மாநிலம் என்றால் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

இனி கலோல்சவம், கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைப்போட்டி விழா. கேரளத்தைப் பற்றிப் பேசினால் அதைத் தவிர்க்க முடியாது. 1957 ஜனவரியில், அன்றைய கல்வித்துறை இயக்குநர் சி.எஸ். வெங்கடேசுவரனின் முயற்சியால், எர்ணாகுளத்தில் சுமார் 400 பிள்ளைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்தில் நடந்தபோது சாஸ்திரிய சங்கீதத்தில் முதலிடம் பெற்ற பையன் யேசுதாஸ். மிருதங்கத்தில் முதலிடம் பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். ஒருவர் பாட மற்றவர் வாசிக்கும் அந்தப் புகைப்படத்தைக் கேரளத்தில் பார்க்காதவர் இல்லை. இன்று அது பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்ற நான்கு படிக்கட்டுள்ள பெரும் இயந்திரம். பாறசாலை ஒரு உபஜில்லா, நெய்யாற்றின்கரை இன்னொன்று. 117.5 பவுன் தங்கக் கோப்பைக்கு மாவட்டங்கள் மோதுகின்றன. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63வது விழாவில் திருச்சூர் 1,008 புள்ளி, பாலக்காடு 1,007. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை போயிற்று.

கலோல்சவத்தின் போட்டி இனங்களின் பட்டியலைக் கேரளத்தின் வரைபடமாகவே படிக்கலாம். காசர்கோட்டின் யட்சகானம் இருக்கிறது. வடமலபாரின் பூரக்களி, மலபார் முஸ்லிம்களின் ஒப்பனையும் தப்முட்டும், கிறிஸ்தவர்களின் மார்க்கம் களி, கொடுங்கல்லூர், கொச்சிக் கடற்கரையின் சவிட்டு நாடகம், ஆறன்முளைப் பம்பையின் வஞ்சிப்பாட்டு எல்லாம் இருக்கின்றன. வரைபடத்தில் கீழே இறங்க இறங்க எண்ணிக்கை குறைகிறது. தென்கோடியின் வில்லடிச்சாம் பாட்டு தனி இனமாக அங்கே இல்லை. நாடன் பாட்டு என்ற பொது வகைக்குள் தெக்கன் பாட்டு ஒன்றைக் கொண்டுவரலாம், ஆனால் வில் வராது, குடம் வராது, கதை வராது. தமிழுக்கு இடம் உண்டு: தமிழ்ப் பத்தியம் சொல்லல், தமிழ்ப் பேச்சு. அதாவது தமிழ் ஒரு பாடமாக வரலாம், ஒப்பிக்கலாம். எல்லை மக்களின் கலையாக வர வழியில்லை.

பட்டியல் மாறாதது என்று யாரும் சொல்ல முடியாது. 63வது விழாவில்தான் மங்கலம் களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலயர் ஆட்டம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவை வெளியே நின்றன. சேர்த்ததும் பள்ளிகள் பயிற்றுநரைத் தேடின. பழங்குடி ஊர்களிலிருந்த கலைஞர்களுக்குப் பள்ளி வாசல் திறந்தது. போட்டி இனமாக ஆனால் கலை செதுக்கப்பட்டுப் பத்து நிமிடப் பொம்மையாகிவிடும் என்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும், அதில் உண்மையும் இருக்கிறது. இரவு முழுக்க ஓடும் வில்லுக்கதையைப் பத்து நிமிடத்தில் அடைப்பது பாவம். ஆனாலும் பாறசாலைப் பக்கத்தில் ஒரு வில்லுக்காரரை மாதம் நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சம்பளம் கொடுக்க வேறு சாக்கு இன்று தென்படவில்லை.

கலோல்சவம் ஆசானை உண்டாக்குகிறது என்பதும் முழு உண்மையில்லை. அது பயிற்றுநர் சந்தையை உண்டாக்குகிறது. பரதநாட்டியம், குச்சிப்புடி, மோகினியாட்டம் என்று ஒரு பெண் மூன்று இனத்தில் நின்றால் உடை, ஒப்பனை, நகை, பாட்டுப் பதிவு, பக்கவாத்தியம், நட்டுவாங்கம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீல். அப்பீலுக்கும் பணம் கட்ட வேண்டும். ஏ கிரேடுக்குக் கிரேஸ் மார்க் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பலருக்குச் சலங்கையின் வேலையும் முடிந்துவிடுகிறது. 1986இல் தொடங்கிய கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் பெற்றோரின் போட்டியையும் கோர்ட் வழக்கையும் வளர்த்ததால் இருபது ஆண்டில் கைவிடப்பட்டன. 2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளிகளுக்குக் கலைத்திருவிழா தொடங்கியபோது அறிவித்த பட்டங்கள் கலையரசன், கலையரசி. களியக்காவிளையில் டீ குடித்துக்கொண்டே ஒரு பழைய கலோல்சவ ஆசிரியரைக் கேட்டிருந்தால் இலவசமாக எச்சரித்திருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தேவாலயத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு தவறும். இந்த ஊர்களில் காசு வாங்காமல் சங்கீதம் சொல்லித்தந்த பெரிய பள்ளி அது. நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவல்சலம் சாஸ்திரியார், லண்டன் மிஷன் ஊழியர், கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். கேரளத் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன. 1910களில்கூட இதே நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற தலித் சிறுமியைச் சீர்திருத்தவாதி அய்யன்காளி பள்ளியில் சேர்த்ததற்காகப் பள்ளிக்கூடமே எரிக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை வாய்திறந்து ராகத்தோடு பாட ஞாயிறுகாலைக் கோயில் இடம் கொடுத்தது என்பது சிறிய விஷயம் இல்லை. இன்றைய கோயர்களில் பிள்ளைகள் நான்கு குரல் பிரித்துப் பாடுகிறார்கள். கீபோர்டும் கிதாரும் டிரம்ஸும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கைக்கு வருகின்றன. ஆசான் உண்டு, மேடை உண்டு, வாராவாரம் ஒத்திகை உண்டு. கூலிதான் இல்லை. கூலிக்கு அந்தப் பிள்ளைகள் போகும் இடம் நோட்டீஸின் கடைசி வரி: கானமேளா.

கானமேளாவையும் சிங்காரி மேளத்தையும் கலை பற்றிய கட்டுரைகளில் மதிப்போடு எழுதுவது வழக்கமில்லை. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. செண்டையை முறையாகப் பயின்றவர்களுக்குச் சிங்காரி மேளம் கோமாளித்தனமாகத் தெரியலாம். ஆனால் மேளத்துக்கு அச்சாரம் வாங்கிக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டிப் போகும் பையன்கள்தான் இந்தப் பகுதியில் தாளத்தால் சம்பாதிக்கும் இளைஞர்கள். தமிழ்நாட்டில் இன்று கல்யாணம், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ‘கேரளா செண்டை மேளம்’ வருகிறது. நையாண்டி மேளக்காரர்களும் தவில்காரர்களும் இதனால் வேலை இழப்பதாக வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. செண்டைக்காரப் பையனின் நிலையும் அப்படி ஒன்றும் உறுதியானதில்லை. சீசன் மாசி, பங்குனி, சித்திரை. மழை தொடங்கினால் பெயின்ட் வேலை, டைல்ஸ் வேலை. அவனுக்கு மேளம் சொல்லித்தந்தது செட்டின் மூத்த அண்ணன். அடுத்த கட்டம் சொல்லித்தர யாரும் இல்லை.

பொழியூரை நினைத்துப் பாருங்கள். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு முனையில் உள்ள மீன்பிடி ஊர். சந்தோஷ் டிராபி கால்பந்து வீரர்கள் வரிசையாக வந்ததால் கேரளப் பத்திரிகைகள் அதற்குச் சந்தோஷ் டிராபி கிராமம் என்றே பெயர் வைத்திருக்கின்றன. அங்கே கடற்கரை மணலும் பந்தும் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஊரிலேயே பயிற்றுநர்கள் இருந்தார்கள். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு நிறுவனங்களில் வேலை உண்டு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அதே கடற்கரையில், அதே வறுமையில், பாட்டுக்கு ஒதுக்கீடு இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். இருக்கும் உதவிகளைப் பார்ப்போம். டெல்லியின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது: ஆண்டுக்கு 3,600 ரூபாயும், குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரையும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். இரண்டு வயது வரம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினைந்தாம் வயதில் பாட்டின் ருசி பிடிபடும் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்போதுதான் பிடிபடும், மூன்று ஆண்டு வெளியே நிற்க வேண்டும். கேரளக் கலாசாரத்துறை மாநிலம் உருவாகி அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1,000 இளம் கலைஞர்களுக்கு வஜ்ர ஜூபிலி பெல்லோஷிப் கொடுத்து, உள்ளாட்சிகள் வழியாக இலவசமாகப் பயிற்சி நடத்தச் செய்தது. நான் பார்த்தவரையில் குருவையும் கூலியையும் ஒரே திட்டத்தில் சேர்த்து யோசித்தது இது ஒன்றுதான். பயிற்றுவிக்கும் இளைஞருக்கும் வருமானம், படிக்க வருபவருக்கும் கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் 5 முதல் 16 வயதுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள். திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி, அதில் 12 முதல் 25 வயது வரை சேர்ந்து மூன்றாண்டு நாதசுரம், தவில், தேவாரம், குரலிசை படிக்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி, அதற்கு மேல் கலை வளர்மணி விருதுகள். பள்ளிகளில் சொல்லித்தரவோ, 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள்; மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். தொகுப்பூதியம் சிறிது சிறிதாக ஏறியிருக்கிறது, பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டமும் தொடர்கிறது. கேரளத்திலும் சிறப்பாசிரியர்கள் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு, ஆளுக்குப் பல பள்ளிகள் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 1940களில் பதினெட்டு வயதுப் பொன்னம்மாளுக்குக் கிடைத்த வேலைக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், இசையாசிரியர். அந்தப் பெயரைக் கேட்டு இன்று எந்தத் தகப்பன் மகளைச் சங்கீதம் படிக்க அனுப்புவான்?

வானொலிப் படியும் இப்படித்தான் ஆயிற்று. 1984 அக்டோபர் 30இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியது. வாசுதேவனுக்குத் திருவனந்தபுரம் வானொலி கொடுத்ததைப் போன்ற முழுநேர வேலையை இப்போது எந்த வானொலியும் இளைஞர்களுக்குக் கொடுப்பதில்லை. பாடுகிறவர்கள் கைபேசியில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். கேட்பவர்கள் எல்லையைக் கேட்பதில்லை. காசும் ஏறக்குறைய வருவதில்லை.

இந்தச் சூழலில் வில்லுப்பாட்டு எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. எந்தக் கல்லூரியும் அதற்காகக் கட்டப்படவில்லை. கிரேஸ் மார்க் இல்லை. ஆனால் ஆசானும் கூலியும் அதற்குள்ளேயே பின்னியிருக்கின்றன. வில்லடிக்கக் குறைந்தது ஐந்தாறு பேர் வேண்டும். எனவே புதியவனுக்கு எப்போதும் இடம் இருக்கிறது. கற்க வருபவன் முதலில் இடப்பக்கம் உட்கார்ந்து கட்டையோ தாளமோ தட்டிப் பின்பாட்டுப் பாடுவான். பல கோயில் கொடைகளில் கேட்டுக்கேட்டுக் கதை மனப்பாடமாகும். குடம் கைக்கு வரும், பிறகு உடுக்கை. முதல் இரவிலிருந்தே பங்கு உண்டு, சின்னப் பங்காக இருந்தாலும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் என்.எஸ். கிருஷ்ணன் வில்லோடுதான் தொடங்கினார். கொட்டாரம் பக்கத்துச் சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி சிறுமியாக வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, பெண்கள் வில்லடித்தால் ஊரே திரளும் என்ற நிலையை உண்டாக்கி, 2018இல் மறைந்தார். இருவரையும் எந்த நுழைவுத் தேர்வும் சலிக்கவில்லை.

பாறசாலைப் பக்கத்து முடிப்புரை ஒன்றில் கொடைக்கு வில் வைத்தால், குழுவில் பாதிப் பேர் விளவங்கோட்டுக்காரர்களாக இருப்பது புதிதல்ல. காப்புப் பாட்டு தமிழில் வரும், நடுவில் வசனம் மலையாளத்துக்குத் தாவும், அம்மன் வரத்துப் பாடும்போது எந்த மொழி என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவு ஒரு மணிக்குக் குடக்காரர் டீ குடிக்க எழுந்து போகும்போது, அந்த வைக்கோல் புரியின்மேல் இருக்கும் குடத்துக்குப் பின்னால் நகர்ந்து உட்காருகிற பையனைப் பார்க்க வேண்டும். அவனை யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. புலவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் கைக்கு ஏற்றபடி தாளத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கதையைத் தொடருகிறார்.